அப்டேட் சர்வரின் ஃபோல்டரை கட் பண்ணி பேஸ்ட் பண்ணாதீர்கள்

சனிக்கிழமை மதியம் சாப்பிட உட்காரும்போதுதான் இந்த மாதிரி அழைப்பெல்லாம் வரும். "சார், சர்வர்ல சி டிரைவ் ஃபுல்லு, சிவப்பா காட்டுச்சு, டேட்டாவ டி டிரைவுக்கு மாத்திட்டேன். இப்ப எந்த சிஸ்டத்துக்கும் அப்டேட் போகல." எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "மூணு வாரம் இருக்கும் சார்."

மூன்று வாரமாக அந்த அலுவலகத்தின் 60 கணினிகளுக்கு ஒரு பேட்ச்கூட (ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) போகவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. கவனிக்க என்ன இருக்கிறது? கன்சோல் (நிர்வாகத் திரை) திறக்கிறது, எந்த பேட்ச் போகலாம் என்ற அப்ரூவல் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது, யாருடைய வேலையும் நிற்கவில்லை.

நான் சொல்வது டபிள்யூ.எஸ்.யு.எஸ்., அதாவது விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ். மைக்ரோசாஃப்டின் அப்டேட்களை ஓரிடத்தில் இறக்கிவைத்து, அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் கொடுக்கும் சர்வர் மென்பொருள். வாயில் வூசஸ் என்போம். அதில் இரண்டு சமாச்சாரங்கள் தனித்தனியாக இருக்கின்றன. எந்த பேட்ச், எந்தக் குழுவுக்கு, அப்ரூவ் ஆகிவிட்டதா என்பதெல்லாம் சஸ்டிபி என்ற டேட்டாபேஸில். இறக்கிவைத்த ஃபைல்கள் வூசஸ்கன்டென்ட் என்ற ஃபோல்டரில். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை டேட்டாபேஸ், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம்), ஐஐஎஸ் என்ற வெப் சர்வரில் உள்ள கன்டென்ட் என்ற விர்ச்சுவல் டைரக்டரி (ஃபோல்டரைச் சுட்டும் வெப் முகவரி) என்று மூன்று இடத்தில் சர்வர் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் இந்த மூன்றுக்கும் தெரியாது. "உனக்கு பேட்ச் இருக்கிறது, வா" என்று டேட்டாபேஸ் கூப்பிடும், போய்க் கேட்டால் 404, அதாவது ஃபைல் இல்லை என்ற பதில். விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போன கதை.

மாற்றுவதற்கென்றே கட்டளை இருக்கிறது: வூசஸ்யூட்டில், அதில் மூவ்கன்டென்ட். புரோகிராம் ஃபைல்ஸில் அப்டேட் சர்வீசஸ், அதற்குள் டூல்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, புதிய ஃபோல்டரையும் லாக் ஃபைல் போகவேண்டிய இடத்தையும் கொடுத்தால் ஃபைல்களை நகலெடுத்து மூன்று இடத்தையும் அதுவே திருத்திவிடும். புதிய ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். டிரைவின் ஃபார்மட் என்டிஎஃப்எஸ்-ஆக இருக்கவேண்டும். பாதையின் கடைசியில் வூசஸ்கன்டென்ட் என்று நீங்களே சேர்க்காதீர்கள், அதை அதுவே உருவாக்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபோல்டர் வந்து நிற்கும். பழைய ஃபைல்களை இது அழிக்காது, அது நல்லதுதான்.

ஃபைல்கள் ஏற்கெனவே புதிய இடத்தில் இருந்தால் மூவ்கன்டென்ட்டோடு ஸ்கிப்காப்பி சேர்த்து ஓட்டினால் போதும், பாதை மட்டும் மாறும். அந்த அலுவலகத்தில் நான் செய்தது அதைத்தான். கூடவே வூசஸ் ஓடும் நெட்வொர்க் சர்வீஸ் கணக்குக்கு ஃபோல்டரில் முழு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வூசஸ்யூட்டில் ரீசெட் ஓட்டினேன். இந்த ரீசெட் உடனே முடிந்த மாதிரி திரும்பிவிடும், ஏமாறவேண்டாம், பின்னணியில் ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்த்து இல்லாததை மறுபடி இறக்கிக்கொண்டிருக்கும், மணிக்கணக்கில் ஆகலாம். (ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையில் மிர், அதாவது இலக்கை மூலத்தைப் போலவே ஆக்கும் ஆப்ஷன், போட்டு நகலெடுப்பவர்கள் மூலம் எது, இலக்கு எது என்று இரண்டு தடவை படியுங்கள். மாறிப்போனால் காலி ஃபோல்டரைப் பார்த்து நிரம்பிய ஃபோல்டரைக் காலி செய்துவிடும்.)

ஆனால் உண்மையைச் சொன்னால், இப்படி வரும் பாதிப் பேருக்கு டிரைவ் மாற்றவே தேவையில்லை. புராடக்ட் பட்டியலில் எல்லாவற்றையும் டிக் செய்து, டிரைவர்களையும் டிக் செய்து, எக்ஸ்பிரஸ் இன்ஸ்டலேஷன் ஃபைல்களையும் (சர்வரில் அதிக இடம் பிடிப்பவை) இறக்கச் சொல்லிவிட்டு, ஐந்து வருடமாக வேண்டாததை நீக்கும் கிளீனப் விசார்டைத் தொடாமல் இருந்தால் எந்த டிரைவும் தாங்காது. புதியது வந்ததால் காலாவதியான அப்டேட்களை டிக்ளைன் செய்து, கிளீனப் ஓட்டிவிட்டு, அதற்கப்புறமும் இடம் போதவில்லையா, சரி, மாற்றுங்கள். யுஎஸ்பி டிரைவுக்கு மட்டும் வேண்டாம், ரீபூட்டில் டிரைவ் எழுத்து மாறினால் மறுபடி எனக்கு போன் வரும்.

கன்டென்ட் போனபிறகும் சி டிரைவ் நிரம்புகிறதே என்பார்கள். சஸ்டிபி அங்கேயே இருக்கிறது, அதுதான். அதை விண்டோஸோடு வரும் விண்டோஸ் இன்டர்னல் டேட்டாபேஸில் வைத்திருந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் விட், அதற்குள் டேட்டா. பேக்கப் எடுத்து, வூசஸ் சர்வீஸையும் ஐஐஎஸ்-ஐயும் நிறுத்தி, எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் டீட்டாச் செய்து (டேட்டாபேஸைக் கழற்றி), அதன் ஃபைல்களான எம்டிஎஃப், எல்டிஎஃப் இரண்டையும் நகலெடுத்து, புதிய இடத்திலிருந்து அட்டாச் செய்யவேண்டும். அன்று மாலை இதையும் முடித்தேன்.

வேறு சர்வருக்கே போகிறீர்களா? புதியதைப் பழையதற்கு ரெப்ளிகாவாக (அப்படியே பிரதியாக) வைத்து ஒருமுறை முழுதாக ஸிங்க் செய்தால் அப்ரூவல்களும் குழுக்களும் வந்துவிடும், பிறகு தனி சர்வராக மாற்றிக்கொள்ளலாம். எந்த சர்வரிடம் அப்டேட் கேட்பது என்று கணினிகளுக்குச் சொல்லும் குரூப் பாலிசியில் சர்வர் பெயருக்குப் பதில் டிஎன்எஸ் மாற்றுப்பெயர் கொடுத்து வைத்தால் அடுத்த தடவை மாற்றும்போது பாலிசியில் கை வைக்கவேண்டியதில்லை. இதைவிட முக்கியம்: 2025 அக்டோபரில் வூசஸ்-இலேயே ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது, அதன் பதிவு எண் சிவிஇ-2025-59287. லாகின் எதுவும் இல்லாமலே வெளியாள் சர்வரில் தன் புரோகிராமை ஓட்டலாம். அக்டோபர் 23-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அவசர பேட்ச் விட்டது. பழைய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) ஒன்றிலிருந்து புது சர்வர் போட்டால் அதில் அந்த பேட்ச் இருக்காது. அதைப் போட்டுவிட்டு, கணினிகள் வூசஸ்-ஐத் தொடர்புகொள்ளும் 8530, 8531 போர்ட்களைத் திறங்கள், அதுவும் உள் நெட்வொர்க்குக்கு மட்டும். 2024 செப்டம்பரிலேயே வூசஸ்-இல் இனிப் புது வசதி வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது, சர்வர் 2025-இல் இருக்கிறது என்றாலும் மாற்று வழியையும் யோசித்து வையுங்கள்.

வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது? நான் கன்சோலை நம்புவதில்லை. எதாவது ஒரு கணினியில் உட்கார்ந்து, அப்டேட் தேடச்சொல்லி, ஃபைல் உண்மையிலேயே இறங்கி இன்ஸ்டால் ஆகும்வரை பார்ப்பேன். அன்று கணக்குப் பிரிவு கணினியில் அது ஓடி முடிய ராத்திரி எட்டரை ஆனது. சி டிரைவில் கிடக்கும் பழைய எம்டிஎஃப்-ஐ இப்போதே அழித்துவிடலாமா என்று எனக்கு போன் செய்தவர் கேட்டார். அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வந்து எல்லாக் கணினிக்கும் போகட்டும், அப்புறம் அழியுங்கள் என்றேன்.