நாத்தம் போயிட்டா மண்ணு சரியாயிடுமா? எண்ணெய் இறங்கின இடத்துல வீடு கட்டுறவங்களுக்கு

தென்னாப்பிரிக்காவுல டர்பன் தெற்குப் பக்கம் மெர்பேங்க், வென்ட்வொர்த், பிளஃப் ஏரியாக்கள்ல மண்ணு சோதனைக்குப் போனா வீட்டுக்காரங்க முதல்ல கேக்கறது இதுதான், முன்னாடி எண்ணெய் நாத்தம் அடிச்சுது இப்ப இல்ல, பின்னாடி வாடகைக்கு ஒரு அவுட்பில்டிங் (தனியா ஒரு சின்ன வீடு) போட்டுடலாம்லன்னு. நாத்தம் போயிடுச்சுன்னா எண்ணெயில லேசா ஆவியாகுற பகுதி மட்டும் போயிருக்குன்னு அர்த்தம், கனமான பிசுபிசுப்பு மண்ணுத் துகளைச் சுத்தி ஒட்டிக்கிட்டு அங்கயேதான் கிடக்கும், கச்சா எண்ணெய்னா சொல்லவே வேணாம்.

இந்த ஏரியாவுல 1954-லயே நாட்டோட முதல் ரிஃபைனரி (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை) வந்துடுச்சு, அப்புறம் அறுபதுகள்ல பிராஸ்பெக்டன்ல இன்னொண்ணு, கப்பல் கடல்ல மிதவைகிட்ட நின்னு கச்சா எண்ணெயை குழாய்ல இறக்கும். 2001-ல பூமிக்கடியில போற ஒரு குழாய் ஓட்டையாகி பத்து லட்சம் லிட்டருக்கு மேல பெட்ரோல் மண்ணுக்குள்ள போச்சு. இது போக வீட்டுப் பின்பக்கம் மெக்கானிக் வேலை பாத்து பழைய இன்ஜின் ஆயிலை ஓரமா கொட்டுறது சாட்ஸ்வொர்த் வரைக்கும் இருக்கு. காத்து மாசு, ஆஸ்துமா பத்தி இங்க மக்கள் பல வருஷமா போராடியிருக்காங்க, அது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா அந்த மண்ணு பாரம் தாங்குமான்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி, எனக்கு இதுதான் கவலை.

மணலுக்குப் பலமே துகளும் துகளும் உரசிப் பிடிச்சுக்கறதுதான். நடுவுல எண்ணெய் படலம் வந்துட்டா வழுக்கும், உராய்வுக் கோணம் (துகள்கள் எவ்வளவு உரசிப் பிடிக்குதுங்கற அளவு) குறையும், பாரம் ஏத்தினா அதிகமா அமுங்கும், தண்ணி உள்ள இறங்குறதும் குறையும். 1991 வளைகுடாப் போருல குவைத்ல 600-க்கு மேல கிணறு எரிஞ்சு பாலைவனத்துல எண்ணெய் ஏரியே நின்னுச்சு இல்லையா, அதுக்கப்புறம்தான் இந்த ஆராய்ச்சி வேகமெடுத்தது, அந்த ஊர் மணல்லயும் இதைத்தான் பாத்தாங்க, நாள்பட நாள்பட லேசான பகுதி ஆவியாகி கொஞ்சம் பலம் திரும்புறதையும் பாத்தாங்க. ஆனா கொஞ்சம் திரும்புறதை நம்பி ரெண்டு மாடி ஏத்த முடியாது.

களிமண்ணு கதை வேற. அதுல துகளைச் சுத்தி இருக்குற தண்ணிப் படலம்தான் அதோட குணத்தையே தீர்மானிக்குது, தண்ணியோட மின்காப்பு மாறிலி (மின்விசையை எவ்வளவு குறைக்குதுங்கற அளவு) சுமார் 80, கச்சா எண்ணெய்க்கு 2, 3-தான், அதனால எண்ணெய் நுழைஞ்சா அந்தப் படலம் சுருங்கி துகளெல்லாம் கட்டி கட்டியா சேந்துக்கும். சில ஆய்வுல நீர்ம வரம்பு (களிமண்ணு கூழாகி ஓட ஆரம்பிக்கிற ஈர அளவு) கூடுது, சிலதுல குறையுது, களிமண்ணு வகைக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால வேற ஊரு ரிசல்ட்டை எடுத்து இங்க ஒட்டவே கூடாது.

நான் முக்கியமா சொல்ல வந்தது என்னன்னா, எண்ணெய் மண்ணை மட்டும் கெடுக்கல, நம்ம டெஸ்ட்டையும் ஏமாத்துது. ஈரப்பதம் பாக்க மண்ணை 105-110 டிகிரி சூட்டுல லேப் அடுப்புல வைப்போம், எடை குறைஞ்சதெல்லாம் தண்ணின்னு கணக்கு எழுதுவோம். எண்ணெய் மண்ணா இருந்தா ஆவியான எண்ணெயும் தண்ணி கணக்குல போயிடும், ஆவியாகாத எண்ணெய் மண்ணு எடையில சேந்துடும், ரெண்டு பக்கமும் தப்பு, தீப்பிடிக்கிற ஆபத்து வேற. சைட்ல மண்ணோட ஈரமும் அடர்த்தியும் கதிர்வீச்சால அளக்க வைக்கிற நியூக்ளியர் கேஜும் அப்படித்தான், அது ஹைட்ரஜனைத்தான் தண்ணின்னு எண்ணுது, எண்ணெயிலயும் ஹைட்ரஜன் நிறைய இருக்கே, அதனால ஈரம் அதிகம்னு காட்டும், உலர் அடர்த்தி (தண்ணி கழிச்ச மண்ணோட அடர்த்தி) கம்மின்னு காட்டும், காண்ட்ராக்டர் வெயில்ல காயவிட்டு காயவிட்டு ரோலர் ஓட்டிக்கிட்டே இருப்பார். அதுக்கு மேல, மண்ணு நல்லா இறுக தண்ணி புட்டு மாவு பதம் மாதிரி அளவா இருக்கணும், எண்ணெய் ஏற்கனவே இடைவெளியை அடைச்சிருந்தா அந்தப் பதமே மாறிடும், பெரும்பாலும் பழைய அடர்த்தி வராது.

அதனால லேபுக்கு சாம்பிள் அனுப்பும்போதே எண்ணெய் சந்தேகம் இருக்குன்னு எழுதிக் குடுங்க, பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவும் சேத்து கேளுங்க. டிசிபி (சுத்தியலால மண்ணுக்குள்ள அடிச்சு இறக்குற கூர்முனைக் கம்பி) குத்திப் பாத்தா மட்டும் போதாது, டிஎல்பி (மண்ணு தோண்டுற மெஷின்) வச்சு குழி தோண்டி கண்ணால பாருங்க, கறுப்போ சாம்பல் நிறமோ பட்டை பட்டையா தெரியுதான்னு. நம்ம டர்பன் பக்கத்து பெரேயா சிவப்பு மண்ணு காஞ்சிருக்கும்போது கல்லு மாதிரி நிக்கும், நனைஞ்சா பொசுக்குன்னு உள்வாங்கும், எண்ணெய் இல்லாமலே அது தொல்லை பிடிச்ச மண்ணு, அங்க அவசரமே வேணாம். சிமெண்ட் கலந்தா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, படலம் இருக்கும்போது சிமெண்ட் துகளோட ஒட்டாது, ட்ரையல் மிக்ஸ் (கொஞ்சமா கலந்து சோதனை) போட்டு பலம் பாக்காம ஒத்துக்காதீங்க.

தோண்டின மண்ணை ராத்திரியில பக்கியில (சின்ன பிக்கப் வண்டியில) ஏத்தி ஓடை ஓரமா கொட்டுறது தயவுசெஞ்சு வேணாம், இந்த நாட்டு 2008 கழிவுச் சட்டத்துல மாசுபட்ட நிலத்துக்குன்னே தனிப் பகுதி இருக்கு, அனுமதி உள்ள இடத்துக்குத்தான் போகணும். இன்னொண்ணு, குடிதண்ணிக்கு சாதா பிளாஸ்டிக் பைப்பை அந்த மண்ணுக்குள்ள புதைக்காதீங்க, பென்சீன் மாதிரி பொருள் பிளாஸ்டிக் சுவரை ஊடுருவி தண்ணியில கலக்கும். புதைச்சே ஆகணும்னா உலோக அடுக்கு உள்ள பைப் போடுங்க, ஜாயிண்ட்ல இருக்குற ரப்பர் எண்ணெயைத் தாங்குற ரகமான்னு கேட்டுட்டு வாங்குங்க.