பாட்டியின் ஓய்வூதியமும் பேத்தியின் உயரமும்

முதியவருக்குத் தரும் ஓய்வூதியம் அதே வீட்டுக் குழந்தையின் உடம்பில் சேர்கிறதா? தென்னாப்பிரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

நிறவெறி ஆட்சியில் அங்கே ஓய்வூதியமும் நிறம் பார்த்தே தரப்பட்டது. கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது சொற்பம். 1990களின் தொடக்கத்தில் அந்த வேறுபாடு படிப்படியாக நீங்கியது. பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் பணம் வரத் தொடங்கியது. கறுப்பினக் குடும்பங்களில் தலைக்கு என்ன வருமானமோ, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குத் தொகை! ஐந்து வயதுக்குட்பட்ட கறுப்பினக் குழந்தைகளில் கால்வாசிப் பேருக்கு மேல் ஓய்வூதியக்காரர் இருக்கும் வீட்டில்தான் வளர்ந்தார்கள்.

பணம் வரும் வீட்டையும் வராத வீட்டையும் ஒப்பிட்டால் போதாதா? போதாது. தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று சேர்ந்து வாழும் வீடுகள் பெரும்பாலும் வறுமையில் இருந்தவை. குழந்தை நோஞ்சானாக இருந்தால் அது வறுமையாலா, ஓய்வூதியப் பணம் பலன் தராததாலா?

பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோ (2019இல் நோபல் பரிசு பெற்றவர்) இந்தச் சிக்கலை உயரத்தைக் கொண்டு அவிழ்த்தார். எடை சில வாரங்களிலேயே ஏறும், இறங்கும். உயரமோ பிறந்த நாள் முதல் கிடைத்த ஊட்டத்தின் மொத்தக் கணக்கு. 1993இல் எடுத்த கணக்கெடுப்பில், ஓய்வூதியம் உயர்ந்தபின் பிறந்த சின்னக் குழந்தைகள் அதன் பலனை முழுதாக அனுபவித்தவர்கள். அவர்களுக்கு மூத்தவர்கள் பாதியில்தான் கண்டார்கள். ஆகவே பணம் வரும் வீடுகளில் சின்னவர்கள், தங்கள் வயதுக்குரிய உயரத்தில், மூத்தவர்களைவிட முந்தியிருக்க வேண்டும். வராத வீடுகளில் அந்த மாற்றம் இருக்கக்கூடாது. வறுமை இரு வயதினருக்கும் பொதுவானதால் கணக்கில் கழிந்துவிடும். எளிய யோசனைதான், ஆனால் என்ன அழகு!

பாட்டி பணம் வாங்கிய வீடுகளில் பேத்திகள் தெளிவாகவே உயர்ந்திருந்தார்கள். பேரன்களிடம் அப்படியொரு மாற்றம் தெரியவில்லை. தாத்தா வாங்கிய பணமோ இருவர் உயரத்திலும் தடம் பதிக்கவில்லை. ஒரே அளவு பணம், யார் கையில் விழுகிறது என்பதைப் பொறுத்து வேறு வேலை செய்கிறது. பாட்டிக்குப் பேத்தி மேல் ஏன் தனிக் கரிசனம் என்பதற்கு அளவுகோல் பதில் சொல்லாது.

அதற்காகத் தாத்தாவை ஒதுக்கிவிட வேண்டாம். எரிக் எட்மண்ட்ஸ் என்ற பொருளியல் அறிஞர் தென்னாப்பிரிக்கா பற்றி 2006இல் வெளியிட்ட ஆய்வில், தாத்தா ஓய்வூதிய வயதைத் தொட்டதும் பிள்ளைகள் வேலை செய்யும் நேரம் குறைந்து, பள்ளிக்குப் போவது கூடியது தெரிந்தது. இத்தனைக்கும் அந்தப் பணம் எந்த வயதில் வரும் என்று குடும்பத்துக்கு முன்பே தெரியும். கடன் கிடைத்திருந்தால் முன்கூட்டியே பள்ளியில் சேர்த்திருப்பார்கள். கிடைக்காததால், தாத்தாவுக்கு 65 ஆகும்வரை பேரனின் படிப்பு காத்திருந்தது.