லோகோ ஏன் உடைகிறது? பிக்சலா, வெக்டரா என்று முடிவெடுப்பது எப்படி

400 பிக்சல் (படத்தின் மிகச் சிறிய நிறக் கட்டம்) அகலமுள்ள லோகோ ஒன்று விசிட்டிங் கார்டில் பளிச்சென்று அச்சாகும். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது அங்குலத்துக்கு 300 பிக்சல். அந்தக் கணக்கில் இந்த லோகோ 1.33 அங்குலம் வரை தாங்கும். அதே கோப்பை 6 அடி அகலப் பேனருக்கு இழுத்தால், 72 அங்குலத்துக்கும் அதே 400 பிக்சல்தான். ஒவ்வொரு பிக்சலும் நாலரை மில்லிமீட்டர் சதுரமாக வீங்கிவிடும். மென்பொருள் இடையில் புதுப் பிக்சல்களை நிரப்பும். ஆனால் அவை அக்கம்பக்கத்து நிறங்களைச் சராசரி பார்த்துப் போட்ட ஊகம்தான். படிக்கட்டு மாதிரியான விளிம்பு போய் மசங்கலான விளிம்பு வரும், அவ்வளவுதான்.

போட்டோஷாப், கிம்ப், கிருத்தா போன்றவை பிக்சல் மென்பொருள்கள். படம் இவற்றுக்கு ஒரு கட்டத்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், பொதுவாக எண்ணுக்கு ஒரு பைட். ஏ4 தாளை 300 பிக்சல் கணக்கில் திறந்தால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் கட்டங்கள். முழுத்தாளை நிறைக்கும் ஒரே லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) நினைவகத்தில் 26 எம்பி பிடிக்கும். இருபது லேயர் போட்டதும் கணினி திணறுவது இதனால்தான். இத்தனைக்கும் அந்தக் கோப்புக்குள் வட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. வட்டம்போல நிறம் மாறிய கட்டங்கள்தான் உண்டு.

இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா, இங்க்ஸ்கேப் ஆகியவை வெக்டர் மென்பொருள்கள். இவை உருவத்தையே கணக்காக எழுதி வைக்கின்றன. ஒரு வளைவுக்கு இரு முனைகளிலும் ஒவ்வொரு நோட் (node, முனைப் புள்ளி), ஒவ்வொரு நோட்டுக்கும் வளைவின் போக்கைத் தீர்மானிக்கும் ஒரு கைப்பிடி. இந்த 4 புள்ளிகள் தெரிந்தால் போதும், வளைவு முழுவதையும் எந்த அளவிலும் புதிதாகக் கணக்கிட்டு வரைந்துவிடலாம். கார்களின் உடலை வடிவமைக்க ரெனோ நிறுவனத்துப் பொறியாளர் பியர் பெசியே பரவலாக்கிய முறை இது. சித்ரோன் நிறுவனத்தின் பால் த காஸ்தல்ஜோ அவருக்கு முன்பே இதைக் கண்டடைந்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், இந்த வளைவுகளால் துல்லியமான வட்டத்தை வரையவே முடியாது. நான்கு வளைவுகளை இணைத்து, கைப்பிடி நீளத்தை ஆரத்தில் 0.5523 பங்காக வைத்தால், 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில்கூடப் பிசகு கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் வெக்டரிலேயே செய்துவிடலாமே என்றால், புகைப்படம் இடிக்கும். கன்னத்துத் தோலில் அடுத்தடுத்த இரு பிக்சல்கள்கூட ஒரே நிறமாக இருக்காது. கோடு போட்டு எல்லை வகுக்க அங்கே எதுவும் இல்லை. பிக்சல் படத்தைத் தானாகக் கோடுகளாக மாற்றும் ட்ரேஸ் வசதியால் அதை வெக்டர் ஆக்கினால் ஆயிரக்கணக்கான நோட்கள் குவியும், கோப்பு கனக்கும், முகம் நிறத்திட்டுகளாக மாறும். ட்ரேஸ் உதவுவது ஓரிரு நிறமுள்ள படங்களுக்கு. கையெழுத்தையோ பழைய முத்திரையையோ அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய்து, மாறுபாட்டை ஏற்றிக் கறுப்பு வெள்ளையாக்கி, தூசிப் புள்ளிகளை அழித்துவிட்டு ட்ரேஸ் கொடுங்கள். பிறகு தேவையற்ற நோட்களைக் கையால் நீக்குங்கள். லோகோ என்றால் ட்ரேஸை நம்பாமல் புதிதாக வரைவதே மேல்.

ஆகவே, படம் கேமராவிலிருந்தோ தூரிகை ஓவியமாகவோ வந்தால் பிக்சல். எழுத்தும் கோடும் தட்டையான நிறமும் என்றால், அல்லது எந்த அளவில் அச்சாகும் என்று தெரியாவிட்டால், வெக்டர். போஸ்டர் போன்ற வேலைக்கு இரண்டும் வேண்டும்: படத்தை இறுதி அளவுக்குப் பிக்சல் மென்பொருளில் சீராக்கி, வெக்டர் மென்பொருளில் வைத்து, எழுத்தை அங்கே சேர்க்க வேண்டும்.

ஜேபெக் படத்தை ஒரு பிடிஎஃப்புக்குள் ஒட்டிவிட்டு "வெக்டர் கோப்பு" என்று அனுப்புகிறவர்கள் ஏராளம். கோப்பின் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்+ஒய் அழுத்தி அவுட்லைன் பார்வைக்குப் போங்கள். கோடுகள் தெரிந்தால் வெக்டர். வெறும் செவ்வகப் பெட்டி தெரிந்தால் உள்ளே இருப்பது பிக்சல்.

அசல் வெக்டரிலும் சறுக்கல் உண்டு. பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து பெருகும் தெரிவை இயக்காவிட்டால், பத்து மடங்கு பெரிய லோகோவில் 1 பாயின்ட் கோடு 1 பாயின்ட்டாகவே நின்று மயிரிழை போலாகும். நிழல், மங்கல் போன்ற எஃபெக்ட்கள் இல்லஸ்ட்ரேட்டரில் பிக்சலாகத்தான் உருவாகின்றன. அவற்றுக்கான அமைப்பு அங்குலத்துக்கு 72 பிக்சலில் இருந்தால் அச்சில் சொரசொரப்பாக விழும், 300-க்கு மாற்றுங்கள். அச்சகத்தில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அனுப்பும் முன் எழுத்தைக் கர்வாக (curve, வெறும் வளைவுக் கோடுகளாக) மாற்றிவிடுங்கள். அதன்பின் பிழை திருத்த முடியாது என்பதால் மாற்றாத பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

சின்ன ஐகான்களில் நிலைமை தலைகீழ். 16 × 16 பிக்சல் ஐகானில் 1 பிக்சல் தடிமனுள்ள செங்குத்துக் கோட்டின் மையம் சரியாக 8 என்ற இடத்தில், அதாவது இரு பிக்சல்களுக்கு இடையிலான எல்லையில் இருந்தால், அது இருபக்கமும் பாதிப் பாதியாக விழுந்து 2 பிக்சல் சாம்பல் பட்டையாகத் தெரியும். 8.5-க்கு நகர்த்தினால் ஒரே பிக்சலில் கூர்மையாக உட்காரும்.