வில்லனுக்குத் தமிழ் எதிர்நாயகன் அன்று

ஆலன் மூர் எழுதி, பிரையன் போலண்ட் வரைந்து, 1988இல் வெளிவந்த ‘தி கில்லிங் ஜோக்’ என்னும் பேட்மேன் சித்திரக்கதையைப் பற்றி வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வாசகர்கள் கருத்துச் சொல்லும்போதெல்லாம் ஒரு தொடர் தவறாமல் வந்துவிடுகிறது: ‘ஜோக்கர் என்னும் எதிர்நாயகனின் தோற்றம்’. ஜோக்கர் பேட்மேனின் பகைவன், அக்கதையின் வில்லன். பல முறை பொறுத்துக்கொண்டாயிற்று. வில்லன் என்ற சொல்லுக்கு எதிர்நாயகன் தமிழாகாது என்பதை இனியேனும் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

வில்லன் என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. ‘வில்லானுஸ்’ என்றால் பண்ணையாள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. உழைப்பவனை இழிவாகப் பார்த்த மேட்டுக்குடியினரின் வாயில் ‘பட்டிக்காட்டான்’ என்றும், பிறகு ‘கயவன்’ என்றும் பொருள் திரிந்து, கடைசியில் கதையில் தீமை செய்பவனுக்குப் பெயராயிற்று. தமிழுக்கு வந்த பின் ‘வில்லி’ என்ற பெண்பாலையும் நாமே ஆக்கிக்கொண்டோம். வில்லாளிக்கு உரிய பழைய சொல்லான ‘வில்லி’யோடு அது மோதுவதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பேச்சில் வில்லன் இருந்துவிட்டுப் போகட்டும். பொருள் மயக்கம் இல்லாத சொல் அது. என் வழக்கு, தூய தமிழ் என்று நம்பி அதன் இடத்தில் எதிர்நாயகனை வைப்பவர்களோடுதான். முதலில், நாயகன் என்பதே வடசொல். வடமொழி நாடக நூல்கள் தலைவனின் பகைவனைப் பிரதிநாயகன் என்றன. அதில் ‘பிரதி’யை மட்டும் எடுத்துவிட்டு ‘எதிர்’ என்று ஒட்டினால் சொல் தமிழாகிவிடாது. அந்தச் சொல்லுக்கு நல்ல மரபு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வடமொழியில் ‘பிரதி’ செய்யும் வேலையை இன்றைய தமிழில் ‘எதிர்’ அப்படியே செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்க்கட்சியும் ஒரு கட்சிதான். எதிரணியும் ஓர் அணிதான். அந்த முறைப்படி எதிர்நாயகன் என்று கேட்கும் தமிழன், இவனும் ஒரு வகை நாயகன் என்றே கொள்வான். நாயகனுக்குரிய நற்குணங்கள் இல்லாமலேயே கதையின் நடு இடத்தில் நிற்பவனுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்.

சான்று நம் வாசகர்களின் கையிலேயே இருக்கிறது. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர், 1965இல் பிரிட்டனில் அறிமுகமானபோது குற்ற உலகின் அரசனாகத் துடித்த திருடன். பின்னரே அவன் குற்றவாளிகளுக்கு எதிராகத் திரும்பினான். கர்வமும் குரூரமும் குறையாத அவன் வெல்ல வேண்டும் என்று நாம் விரும்பினோம் அல்லவா, அவனே எதிர்நாயகன். அந்தச் சொல்லை ஜோக்கருக்கும் கொடுத்துவிட்டால் ஸ்பைடரை எதனால் அழைப்பது?

இந்தக் குழப்பத்தால் வாசகர்களின் விவாதமே கெட்டுப்போகிறது. ஜோக்கராகும் முன் இரசாயன ஆலை வேலையை விட்டு, மேடையில் சிரிக்க வைக்கப் போய்த் தோற்று, கருவுற்ற மனைவி இறந்த அன்றே திருடர்களோடு போக நேர்ந்தவனை வெறுக்க முடியவில்லை என்கிறார் ஒருவர். காவல் ஆணையரின் மகள் பார்பராவைச் சுட்டு முடமாக்கியவனுக்கு முன்கதை எதற்கு, அவன் யாரென்று தெரியாத வரைதான் அச்சம் என்கிறார் மற்றவர். இருவரும் அவனை எதிர்நாயகன் என்றே எழுதுகிறார்கள். முன்னவர் பாதி நாயகன் என்ற பொருளிலும், பின்னவர் முழுத் தீயவன் என்ற பொருளிலும் வழங்குவதால், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் விடை சொல்வதே இல்லை. ஜோக்கர் இரக்கத்துக்கு உரியவனா என்பதுதான் அந்நூல் எழுப்பும் கேள்வி. விவாதம் தொடங்கும் முன்பே இந்தச் சொல் அதற்குப் பாதி விடையைக் கொடுத்துவிடுகிறது.

என் பரிந்துரை ‘கொடியவன்’. கயவன் என்று சொல்லலாம்தான். ‘மக்களே போல்வர் கயவர்’ என்ற குறளின் துணையும் உண்டு. ஆனால் கயமையில் அற்பத்தனம் தெரிகிறதே தவிர அச்சம் இல்லை. வஞ்சகன் என்பது ஒரு குணத்தை மட்டும் சொல்கிறது. கொடியவன் என்றால் பாட்டியிடம் கதை கேட்ட எவருக்கும் விளக்கம் வேண்டாம். கொடியவள், கொடியவர்கள் என்று பால், எண் வேறுபாடுகளும் இயல்பாக அமையும். அது குணப்பெயர், பாத்திரப் பெயர் ஆகாது என்று மறுப்பவர்கள், ‘கதையின் நாயகன்’ என்பது போலக் ‘கதையின் கொடியவன்’ என்று எழுதிப் பார்க்கட்டும்.

கொடியவன் என்றால் மனிதத்தன்மை போய்விடும் என்ற அச்சமும் தேவையற்றது. நம் வட ஆர்க்காட்டுக் கூத்தில் துரியோதனனும் திரைக்குப் பின்னிருந்து பாடி, கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரனிடம் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொண்டுதான் களரி என்னும் ஆடுகளத்துக்கு வருகிறான். கர்ணனைப் போலவே அவனுக்கும், உயர்ந்த பாத்திரங்கள் அணியும் மர அணிகலன்களான கட்டை கட்டுகிறார்கள். அவன் வாயால் அவன் கதையைக் கேட்ட பிறகும், அவன் வீழும் படுகளத்தன்று அவனை நாயகன் என்று எந்த ஊராரும் சொல்வதில்லை.

‘தோற்றம்’ என்பதும் மாற வேண்டிய சொல்லே. ‘வில்லனின் தோற்றம்’ என்றால் பச்சை முடியும் வெளுத்த முகமும்தான் நினைவுக்கு வரும். அவன் எப்படி அப்படி ஆனான் என்பதைச் சொல்ல ‘முன்கதை’ போதும். ‘ஒருவன் கொடியவனான கதை’ என்று விரித்தால் இன்னும் தெளிவு. அந்த முன்கதையையும் உறுதியாகக் கொள்ள முடியாது. தன் கடந்தகாலம் ஒரு நேரம் ஒரு விதமாகவும் மறு நேரம் வேறு விதமாகவும் நினைவுக்கு வருகிறது என்று ஜோக்கரே அந்நூலில் சொல்கிறான். அப்படிச் சொல்பவனின் முன்கதையைக் கொண்டு அவனுக்கு நாயகப் பட்டத்தில் பாதியைக் கொடுப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் நிறுத்த வேண்டும்.