அலை மடியாத இடத்தில்தான் இழுப்பு

"கோவளத்துக்குப் போகிறோம். அலை அதிகம் இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்கலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அலைகளுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது அந்தத் துண்டைத்தான்.

ஆழம் குறையக் குறைய அலை மடியும், அதாவது கவிழ்ந்து நுரையாகும் என்பது தெரிந்ததே. ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் மடியும். மடியும்போது தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளும். சரி, அத்தனை தண்ணீரும் எந்த வழியாகத் திரும்பும்?

மழை நேரத்து மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடி முழுக்கப் பெய்தாலும், கைப்பிடிச்சுவர் மறிப்பதால் எல்லாம் மூலையிலிருக்கும் குழாய்க்கே ஓடும். குழாய் வாயில் மட்டும் என்ன வேகம்! கடலில் அந்தச் சுவர், கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் நீளும் மணல்திட்டு. குழாய், அந்தத் திட்டில் விழுந்த உடைப்பு. திட்டின் மேல் அலை மடிய மடிய, அதன் கரைப்பக்கம் நீர்மட்டம் சில சென்டிமீட்டர் ஏறும். உடைப்பில் ஆழம் அதிகம். அலை அவ்வளவாக மடியாது, மட்டமும் அவ்வளவு ஏறாது. அந்த வித்தியாசம் போதும். இரு பக்கத்துத் தண்ணீரும் கரையோரமாகவே ஓடிவந்து, உடைப்பில் சேர்ந்து கடலுக்குள் பாய்கிறது. இந்தப் பாய்ச்சல்தான் இழுப்பு. பாய்ச்சல் மணலை அரிக்கிறது, உடைப்பு ஆழமாகிறது, ஆழமானதால் அலை இன்னும் குறைகிறது. தன் வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்ளும் ஓட்டம்! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர்தான். 2 மீட்டரைத் தாண்டியும் அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்தை எதிர்த்து ஒலிம்பிக் நீச்சல்காரராலும் அதிக தூரம் முன்னேற முடியாது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. தெற்கே வெகுதொலைவில் அடித்த புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறுவதற்குத்தான் அந்தப் பெயர். இப்படி நடக்கும்போதெல்லாம் "கடல் காவு வாங்கிடுச்சு" என்பார்கள். கேட்டாலே எரிச்சல் வரும். முன்கூட்டியே கணித்துச் சொன்ன ஒன்றைக் காவு என்று எப்படிச் சொல்வது? 'ஆபத்து' பலகைக்குச் செலவழிப்பதில் பாதியை இரண்டு உயிர்காப்பாளர்களுக்குக் கொடுக்கலாம்.

இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, கரையைவிட்டுக் கடலுக்குள்தான் கொண்டுபோகும். எதிர்த்து நீந்திக் களைத்துப்போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி, வெள்ளை நுரை இருக்கும் பக்கமாகத் திரும்புங்கள். கரையில் நிற்பவர் உள்ளே குதிக்காமல், மிதக்கும் எதையாவது எறிய வேண்டும்.

கோவளத்தில் ஒருமுறை, கரையோரம் கிடந்த ஒற்றை ரப்பர் செருப்பை அந்தக் கருத்த துண்டு இழுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலைச்சறுக்குப் பையன்கள் இருவர் பலகையில் படுத்தபடி அதே இழுப்பில் சிரமமில்லாமல் உள்ளே போனார்கள். அப்புறம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், ஐம்பது அடி வடக்கே, நுரையோடு நுரையாகச் செருப்பு கரைக்கு வந்துவிட்டது.