மறைத்த பீம் எங்கேயும் போகவில்லை

ஒரு மாடிக்குக் கணினியில் சீலிங் பிளான் (கூரையின் அடிப்பக்கத்தைக் காட்டும் வரைபடம்) தயாராகிறது. விளக்குகளுக்கு அளவு போடும்போது ஒரு பீமின் (உத்தரத்தின்) கோடுகள் எண்களுக்குக் குறுக்கே வந்து தொந்தரவு செய்கின்றன. வரைபவர் அந்தப் பீமின் மேல் வலது கிளிக் செய்து, அந்த வியூவில் (கட்டடத்தின் முப்பரிமாண மாடலை ஒரு கோணத்தில் காட்டும் வரைபடத்தில்) மட்டும் மறைத்துவிடுகிறார். ஷீட் பளிச்சென்று ஆகிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து, ஏசி டக்ட் (குளிர்காற்றுக் குழாய்) வரைய வந்த இன்னொருவர் அதே வியூவை நகலெடுத்து வேலையைத் தொடங்குகிறார். மறைப்பும் நகலோடு சேர்ந்தே வருகிறது. அவர் கண்ணுக்கு அந்த இடம் காலியாகத் தெரிவதால் டக்டை நேராக இழுத்துவிடுகிறார். சைட்டில் ஆள் ஏணி போட்டு ஏறும்போதுதான் அங்கே பீம் இருப்பது தெரிகிறது.

வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாடலில் பீம் சரியான இடத்தில்தான் இருக்கிறது, டக்டின் அளவும் சரிதான். ஆனால் பீமை மறைத்தவர் எதற்காக மறைத்தார் என்பது கோப்பில் எங்குமே இல்லை. அதனால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பொருட்களை ஒவ்வொன்றாகக் கையால் மறைக்கும் பழக்கத்தை விடுங்கள். மறைக்க வேண்டியதை ஒரு விதியாக அமைத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து மறையுங்கள்.

பெரும்பாலும் கட்டடங்களை மாடலாக வரையும் ரெவிட் என்ற மென்பொருளை வைத்தே சொல்கிறேன். வேறு மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்குப் பட்டன்கள் மாறும், பிரச்சினை மாறாது.

வேலை செய்யும் நேரத்து வசதிக்காக மறைக்க வேண்டுமென்றால், வியூவின் அடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிப் படத்தைப் பயன்படுத்துங்கள். அது தற்காலிக மறைப்பு. வியூவைச் சுற்றி வெளிர்நீலச் சட்டம் வந்துவிடும் என்பதால், எதையோ மறைத்திருக்கிறோம் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கோப்பை மூடித் திறந்தால் மறைப்பு நீங்கிவிடும். வலது கிளிக் மறைப்பு அப்படியல்ல, அது சத்தமில்லாமல் நிலைத்துவிடும். மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பல்பு படம் இருக்கிறதே, அதை அழுத்தினால் மறைந்தவை எல்லாம் அடர்ந்த இளஞ்சிவப்பில் எழுந்து வரும், மற்றவை மங்கிவிடும். பிறர் வரைந்த வியூவில் கை வைக்கும் முன் இந்தப் பல்பை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதை நான் கட்டாயமாக்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் பல்பு எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஒரு பொருள் தெரியவில்லை என்றால் யாரோ மறைத்திருக்கிறார்கள் என்றே அர்த்தமில்லை. அது திறக்கப்படாத வொர்க்செட்டில் (பலர் சேர்ந்து வேலை செய்யப் பிரித்து வைத்த தொகுப்பில்) இருக்கலாம். வியூ எதுவரை தெரியும் என்று குறிக்கும் கிராப் எல்லைக்கு வெளியே இருக்கலாம். வேறொரு ஃபேஸில் (கட்டுமானக் கட்டத்தில்), அல்லது வேறொரு டிசைன் ஆப்ஷனில் (மாற்று வடிவமைப்பில்) இருக்கலாம். எல்லாவற்றையும் விட அதிகமாக ஏமாற்றுவது வியூ ரேஞ்ச்தான் (பிளானில் எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை தெரியும் என்ற வரம்பு), அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மெட்ரிக் டெம்ப்ளேட்டில் (மீட்டர் அளவுமுறையில் தொடங்கும் தயார் கோப்பில்) ஃப்ளோர் பிளானின் வெட்டுத் தளம், அதாவது கட்டடத்தைக் கிடையாக வெட்டிப் பார்க்கும் மட்டம், வழக்கமாக 1200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். கழிப்பறை வென்டிலேட்டரின் அடிமட்டம் 1800 மில்லிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டு அதற்குக் கீழேயே போய்விடுகிறது. பல விண்டோ ஃபேமிலிகளில் (தயார் ஜன்னல் வடிவங்களில்) பிளான் கோடுகள் வெட்டுப்பட்டால்தான் தெரியும்படி அமைத்திருப்பார்கள். ஆக, பிளானில் அந்த இடம் முழுச்சுவராகத் தெரியும். பிளானை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கட்டுபவர் சுவரை அடைத்துத்தான் கட்டுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்காக மொத்தப் பிளானின் வெட்டையும் மேலே தூக்காதீர்கள். சரியாகத் தெரிந்துகொண்டிருந்த வேறு நாலு இடங்கள் மாறிப்போகும். அந்த மூலைக்கு மட்டும் ஒரு பிளான் ரீஜன் (தனி வெட்டு உயரம் தரக்கூடிய பகுதி) வரைந்து, அதற்குள் வெட்டின் உயரத்தை மாற்றினால் போதும்.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. ஏறத்தாழ 2 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள சுவர்களை, வெட்டுத் தளம் அவற்றின் ஊடாகப் போனாலும், ரெவிட் வெட்டிக் காட்டாது. மேலிருந்து பார்ப்பது போல மெல்லிய கோடுகளாகத்தான் காட்டும். கழிப்பறைத் தடுப்புகள், பால்கனிக் கைப்பிடிச் சுவர்கள் எல்லாம் இப்படித்தான் மெலிந்து தெரிகின்றன. காரணம் தெரியாதவர்கள் கோட்டின் தடிமனைக் கையால் ஏற்றுகிறார்கள். அப்புறம் அந்தச் சுவரின் உயரம் மாறினால் பிளானில் எந்த அறிகுறியும் தெரியாது.

அளவுப் பட்டியல் தயாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியூவில் மறைத்த கதவு ஷெட்யூலில் (மாடலிலிருந்து எடுக்கும் பொருட்பட்டியலில்) எண்ணப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். வேண்டாம் என்று முடிவான கதவை அழிக்காமல் மறைத்து வைத்தால், ஷீட்டில் இல்லாத கதவுக்கும் விலை போடுவார்கள். இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. பிளானில் ஒரு பொருள் இடைஞ்சலாக இருக்கிறதென்று டெலீட்டை அழுத்திவிடுவார்கள், அது மாடலிலிருந்தே, எல்லா வியூக்களிலிருந்தும் போய்விடும். ஷீட்டுக்கு மட்டும் வேண்டாமா, கட்டடத்துக்கே வேண்டாமா என்று கேட்டுக்கொண்ட பிறகே கை கீபோர்டுக்குப் போக வேண்டும்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இந்த வேலையை லேயர்கள் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்குகள்) செய்கின்றன. அங்கே லேயரை மறைக்கும் ஆஃப், ஃப்ரீஸ் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. மூவ் கட்டளை கொடுத்து ‘ஆல்’ என்று தட்டிப் பாருங்கள். ஆஃப் செய்த லேயரில் உள்ளவை, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சேர்ந்து நகரும். ஃப்ரீஸ் செய்தவை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். தூண்களின் லேயர் ஃப்ரீஸாகி இருக்கும்போது பிளான் முழுவதையும் நகர்த்திவிட்டு, தூண்கள் சுவரைவிட்டு விலகி நிற்பதை ரொம்ப நாள் கழித்துக் கண்டுபிடித்த திட்டங்கள் உண்டு. மறைத்தது எதுவானாலும் அது எந்தக் கட்டளைக்கு ஆட்படும், எதற்கு ஆட்படாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, விதியாக மறைப்பது எப்படி? ரெவிட்டில் ‘ஆம், இல்லை’ வகையில் ஒரு புராஜெக்ட் பாராமீட்டர் (பொருட்களோடு சேர்ந்திருக்கும் ஒரு தகவல் கட்டம்) உருவாக்குங்கள். ‘சீலிங் பிளானில் வேண்டாம்’ என்று பெயர் வையுங்கள். தேவையான பொருட்களில் அதை டிக் செய்துவிட்டு, டிக் ஆனவற்றை மறைக்கும் ஃபில்டர் ஒன்றை வியூ டெம்ப்ளேட்டில் (பல வியூக்களுக்குப் பொதுவான அமைப்பில்) சேர்த்துவிடுங்கள். கீபோர்டில் வி, வி என்று இருமுறை தட்டி, வரும் பெட்டியில் ஃபில்டர் பட்டியலைப் பார்த்தாலே யாருக்கும் அந்தப் பெயர் கண்ணில் படும். மறைக்கப்பட்டவை எவை என்று ஷெட்யூலாகவும் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவர் யாரையும் தேடிப் போகாமல் புரிந்துகொள்வார்.

மறைப்பதற்கு முன், மறைக்கத்தான் வேண்டுமா என்றும் பாருங்கள். முன்பு சொன்ன பீமை அதே ஃபில்டர் வழியாக ஹாஃப்டோனாக மங்கச் செய்து, விட்டுவிட்டுப் போகும் கோடாக மாற்றியிருந்தால் எண்களும் தெளிவாகத் தெரிந்திருக்கும், டக்ட் வரைந்தவருக்கும் பீம் கண்ணில் பட்டிருக்கும். நான் பார்த்தவரை, மறைத்த பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவே போதுமானதாக இருந்திருக்கும்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கோப்பை லிங்க் செய்திருந்தால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். அந்த லிங்க் உங்கள் வியூவின் விதிப்படி தெரிகிறதா, அவர் வியூவின் விதிப்படி தெரிகிறதா என்று பாருங்கள். அவர் வியூவின் விதிப்படி என்றால், அவர் தன் பக்கத்தில் ஒன்றை மறைத்து, நீங்கள் லிங்கைப் புதுப்பித்த உடனே அது உங்கள் ஷீட்டிலும் காணாமல் போகும்.

ஷீட்டுகளை வெளியே அனுப்பும் நாளில் ஒவ்வொரு வியூவிலும் பல்பை அழுத்திப் பாருங்கள். இளஞ்சிவப்பில் எது தெரிந்தாலும் அதற்கான காரணத்தை அந்த வியூவை வரைந்தவரிடமே கேளுங்கள். காரணம் சொன்னால் அந்தப் பொருளை ஃபில்டருக்கு மாற்றிவிடலாம். சொல்ல முடியாவிட்டால் மறைப்பை நீக்கிவிட்டு, அளவுகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அனுப்புங்கள்.