டிக்கெட் இல்லாத பஸ் சீக்கிரம் வருமா?

அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டியில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் கவுண்டி நடத்தும் ரைட் ஆன் பஸ்களில் 2025 ஜூன் 29 முதல் டிக்கெட் கிடையாது. காசு மிச்சம், சந்தோஷம். பஸ் சீக்கிரம் வருமா?”

வரும். ஆனால் அது எத்தனை நாள் நிலைக்கும் என்பது வேறு விஷயம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. அதைச் சொல்ல ஒரு சாக்கு கிடைத்ததே என்று இருக்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனை ஒட்டி வடக்கே இருக்கும் புறநகர் கவுண்டி இது, மக்கள்தொகை பத்து லட்சத்துக்கு மேல். வீட்டுக்கு வீடு கார் இருக்கும் என்ற நினைப்பில் போட்ட தெருக்கள், பாதி முட்டுச்சந்தில் போய் முடியும். வாஷிங்டன் மெட்ரோவின் சிவப்புத் தடத்துக்கு இரண்டு முனைகளுமே இந்தக் கவுண்டியில்தான் இருக்கின்றன. ஆனால் U எழுத்து மாதிரி வளைந்த அந்தத் தடத்தின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ரயிலில் குறுக்கே போக வழியில்லை, வாஷிங்டனுக்குள் இறங்கித் திரும்ப ஏற வேண்டும். அதற்காகத்தான் பெத்தெஸ்டாவிலிருந்து சில்வர் ஸ்பிரிங் வழியாக நியூ கரோல்டன் வரை 26 கிலோமீட்டருக்கு ஊதாத் தடம் என்ற இலகு ரயிலைக் கட்டுகிறார்கள். 2017ல் தொடங்கிய வேலை. 2022ல் ஓடியிருக்க வேண்டும். நடுவில் கட்டுமான நிறுவனமே விலகிக்கொண்டது, இப்போது 2027 கடைசி என்கிறார்கள். அதுவரை குறுக்கே போகிறவர்களுக்குப் பஸ்தான் கதி. ரைட் ஆன் 1975லிருந்து ஓடுகிறது.

சரி, டிக்கெட்டுக்கும் பஸ் வருவதற்கும் என்ன சம்பந்தம்? சென்னைக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. இங்கே ஏறிய பிறகுதான் டிக்கெட். ஓடுகிற பஸ்ஸுக்குள் நெரிசலில் நீந்திவந்து கண்டக்டர் கொடுத்துவிடுவார். 2021ல் சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோதும் அதனால் ஏறும் வேகம் கூடக் காரணமில்லை. அமெரிக்காவில் கண்டக்டர் கிடையாது. எல்லோரும் முன்வாசலில் ஏறி, டிரைவர் பக்கத்துப் பெட்டியில் கார்டைத் தட்ட வேண்டும், அல்லது காசு போட வேண்டும். அதுவரை பஸ் நகராது. கார்டு என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 3 வினாடி. கசங்கிய டாலர் நோட்டைப் பெட்டி துப்பித் துப்பிக் கொடுத்தால் இன்னும் அதிகம். கட்டணமே இல்லை என்றால் 2 வினாடியில் ஏறிவிடலாம். ஆக, ஆளுக்கு மிச்சம் ஒரு வினாடி.

ஒரு வினாடி என்ன செய்துவிடும்? இங்கேதான் கணக்கு வருகிறது.

ஒரு தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள். ஒருவர் ஏற 3 வினாடி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் 20 பேர், 60 வினாடி நிற்க வேண்டும். (புறநகரில் எல்லா ஸ்டாப்பிலும் 20 பேர் ஏறமாட்டார்கள். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று கூட்டத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறேன். இறங்குகிறவர்களையும் விட்டுவிட்டேன்.)

இப்போது ஒரு பஸ் ஏதோ ஒரு சிக்னலில் மாட்டி 1 நிமிடம் தாமதமாகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்பில் 2 பேர் கூடுதலாகச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஏற 6 வினாடி. ஆக, அங்கிருந்து கிளம்பும்போது தாமதம் 66 வினாடி. அதற்கடுத்த ஸ்டாப்பில் இந்த 66 வினாடிக்குண்டான கூட்டம் காத்திருக்கும். ஸ்டாப்புக்கு 10 சதவீதம் கூட்டுவட்டி! 10 ஸ்டாப் தாண்டியபோது அசல் 1 நிமிடம் 2.6 நிமிடமாகியிருக்கும். டிரைவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. சாலையில் வேறு நெரிசலும் இல்லை.

இது கதையின் பாதிதான். பின்னால் வரும் பஸ்ஸைப் பாருங்கள். அது சரியான நேரத்தில்தான் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் முன் பஸ் தாமதமானதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி 10லிருந்து 9 நிமிடமாகிவிட்டது. 9 நிமிடத்தில் சேர்ந்தது 18 பேர். 6 வினாடி முன்னதாகவே கிளம்பிவிடும். அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் குறைவு, இன்னும் சீக்கிரம் கிளம்பும். முன்னால் போகிறது மெதுவாகிக்கொண்டே போக, பின்னால் வருவது வேகமாகிக்கொண்டே வருகிறது. 5 ஸ்டாப் தாண்டியதும் நடு இடைவெளி 7.7 நிமிடம், 10 ஸ்டாப்பில் 5 நிமிடம். 15 ஸ்டாப் தாண்டும்போது? கிட்டத்தட்டப் பூஜ்யம். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள், இரண்டாவதில் ஜன்னல் சீட்டே காலி.

தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். தாமதம் பெருகுவது ஒரு ஆச்சரியம். பஸ்கள் சம இடைவெளியில் ஓடுவது என்பதே நிலையற்ற ஏற்பாடு என்பது அதைவிடப் பெரிய ஆச்சரியம். ஊசிமுனை அளவு பிசகினாலும் அது தானாகச் சரியாகாது, பெருகத்தான் செய்யும்.

இந்தக் கணக்கை 1964ல் முதலில் ஒழுங்காக எழுதியவர்கள் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இருவர். பாட்ஸ் பெயரை இயற்பியல் படித்தவர்கள் கேட்டிருப்பார்கள். காந்தப் பொருள்களில் அணுக்கள் ஒன்றையொன்று பார்த்து எப்படித் திரும்பிக்கொள்கின்றன என்பதற்கான ‘பாட்ஸ் மாதிரி’ அவருடையதுதான். அதே ஆள்தான் 1950களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்களோடு சேர்ந்து, ஒரு காரின் பின்னால் இன்னொரு கார் எப்படிப் போகிறது என்று சமன்பாடு எழுதினார். கார் கம்பெனிக்கே அப்போது இதில் அக்கறை இருந்திருக்கிறது. இன்று ரயில் பாதைக்கு நூறு கோடிகளில் பேசும் அரசுகளிடம், பஸ் வாசலில் ஆள் ஏறும் நேரத்தை அளக்கும் ஆராய்ச்சிக்கு ஒரு சின்னத் தொகை கேட்டுப் பாருங்கள். ரிப்பன் வெட்ட முடியாத வேலைக்குப் பணம் கிடைப்பதே இல்லை.

கட்டணத்துக்கு வருவோம். ஏறும் நேரம் 3 வினாடியிலிருந்து 2 ஆனால், வட்டி 10 சதவீதத்திலிருந்து 6.7 ஆகக் குறைகிறது. மற்றதெல்லாம் அதேதான். இப்போது 15 ஸ்டாப் தாண்டியதும் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே இன்னும் ஏறக்குறைய 5 நிமிடம் இருக்கும். முன்பு மூக்கும் முதுகும் இடித்துக்கொண்ட இடம் அது. ஆளுக்கு ஒரு வினாடி செய்த வேலை!

ஆனால் பஸ் இலவசம் என்றால் ஆட்கள் கூடுவார்கள். நிமிடத்துக்கு 2 பேர் வந்த ஸ்டாப்பில் 3 பேர் வந்தால், மூன்றிரண்டு ஆறு, பழைய இரண்டுமூன்று ஆறுதான். வட்டி மறுபடி 10 சதவீதம். வாசகர் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்: பலன் எத்தனை நாள் நிற்கும் என்பது அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் காரை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அப்படி வந்தால் பின்வாசலையும் ஏறுவதற்குத் திறந்துவிடலாம். காசு வாங்க வேண்டியதில்லை என்றான பிறகு எல்லோரும் டிரைவரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று என்ன இருக்கிறது?

அப்புறம் இன்னொரு விஷயம். “நான் போய் நின்றால் மட்டும் பஸ் வராது, என் ராசி அப்படி” என்று சொல்லாத ஆள் உண்டா? ராசியை விடுங்கள், கணக்கு உண்மையிலேயே உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பீர்கள். பஸ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துவிட்டால் இடைவெளி 20 நிமிடம், பூஜ்யம், 20 நிமிடம், பூஜ்யம் என்று ஆகிறது. பூஜ்ய இடைவெளியில் யாரும் வந்து நிற்க முடியாது. எல்லோரும் 20 நிமிட இடைவெளிக்குள்தான் வருகிறார்கள், சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். அலுவலகக் கோப்பில் மணிக்கு ஆறு பஸ் ஓடியிருக்கிறது, அதிலும் பொய் இல்லை. நெரிசலும் இப்படித்தான். இரண்டு பஸ்ஸையும் சேர்த்துப் பார்த்தால் பாதி சீட் காலி என்று கணக்கு வரும். ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் நிரம்பி வழியும் பஸ்ஸில்தான் இருப்பார்கள், அதனால்தானே அது நிரம்பி வழிகிறது! கெட்ட நேரத்தில் பயணம் கிளம்பக்கூடாது என்று பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல கதை தெரியாது. கெட்ட நேரம் என்பது வெறும் நீளமான இடைவெளி. நீளமானது என்பதாலேயே அதில் விழ வாய்ப்பு அதிகம்.

இதைச் சரிசெய்ய எல்லா ஊரிலும் இருக்கும் பழைய வழி, முக்கியமான ஸ்டாப்களில் அட்டவணை நேரம் வரும்வரை பஸ்ஸைப் பிடித்துவைப்பது. நம் பஸ் நிலையத்து டைம் கீப்பர் செய்கிற வேலை. முன்னால் வந்துவிட்டதை அது நிறுத்தும், தாமதமானதற்கு உதவாது.

அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகப் பஸ்களில் பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இரண்டு பேராசிரியர்கள் வேறு ஒரு வழியைச் சோதித்து 2012ல் எழுதினார்கள். அட்டவணையையே தூக்கிப்போட்டுவிட்டார்கள். தடத்தின் முனைக்கு வந்த பஸ் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: எனக்குப் பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்? தூரத்தில் இருந்தால் அதற்கேற்ற விகிதத்தில் அதிக நேரம் நிற்கும். பக்கத்தில் வந்துவிட்டால் உடனே கிளம்பிவிடும். முன்னால் பார்த்து ஓட்டிப் பழகிய டிரைவருக்கு இது தலைகீழ். ஆனால் இப்படிச் செய்தால் ஒவ்வொரு இடைவெளியும் பக்கத்து இடைவெளியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சராசரியாகிக்கொண்டே வரும். சில சுற்றுகளில் யாரும் உத்தரவு போடாமலே எல்லாம் சமமாகிவிடும். ஒரு பஸ் பழுதாகி டிப்போவுக்குப் போனாலும் மீதிப் பஸ்கள் தாமாகவே விலகி நின்றுகொள்ளும். நிலையற்ற ஏற்பாட்டை ஒரே ஒரு விதி நிலையானதாக்கிவிடுகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மாண்ட்கோமரியில் வேறொரு மருந்து ஓடுகிறது. 2020 அக்டோபரில் 29ஆம் எண் நெடுஞ்சாலையில், பர்ட்டன்ஸ்வில்லுக்கும் சில்வர் ஸ்பிரிங்குக்கும் இடையே ஃப்ளாஷ் என்ற விரைவுப் பஸ் தொடங்கினார்கள். 18 மீட்டர் நீள இணைப்புப் பஸ். பஸ் தளத்தின் உயரத்துக்கு மேடை, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் அப்படியே உருண்டு ஏறலாம். வடபகுதியில் நெரிசல் நேரத்தில் சாலையின் ஓரப் பட்டையிலேயே ஓடும். சில சிக்னல்களில் பஸ்ஸே பச்சை கேட்கும். கேட்டதும் சிவப்பு பச்சையாக மாறிவிடாது. முடியப்போகிற பச்சையைச் சில வினாடி நீட்டும், அல்லது வரப்போகிற பச்சையைச் சற்று முன்னதாகத் தரும். அவ்வளவுதான். இம்மாதிரி அமைப்புகளைத் தாமதமான பஸ் மட்டுமே கேட்கும்படி அமைக்க முடியும் என்பதுதான் இதில் அழகு. கூட்டுவட்டியில் மாட்டிய முன் பஸ்ஸுக்குப் பச்சை, பின்னால் முந்திக்கொண்டு வருவதற்கு வழக்கமான சிவப்பு.

அந்தச் சில வினாடி எங்கிருந்து வருகிறது? குறுக்குத் தெருவிலிருந்து. பெரிய சாலையைக் குறுக்கே கடப்பவர்களுக்கும் அந்த நேரத்தில்தான் வழி. அமெரிக்க விதிப்படி ஒருவர் வினாடிக்கு மூன்றரை அடி, அதாவது ஏறக்குறைய 1.07 மீட்டர் நடப்பார் என்று கணக்கிட்டுக் கடக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். 25 மீட்டர் அகலச் சாலைக்கு 23 வினாடி. கடப்பவர் சாலையில் இறங்கிவிட்ட பிறகு பஸ்ஸுக்காக அதில் கைவைக்க முடியாது.

கடப்பது சின்ன விஷயமில்லை என்பதற்கு அதே கவுண்டியில் உதாரணம் இருக்கிறது. 1985ல் ரயில் நின்றுபோன ஒரு பழைய சரக்குப் பாதையை, வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து பெத்தெஸ்டா வரை கேபிடல் கிரெசன்ட் என்ற நடை, சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயிலுக்குச் செங்குத்தாக ஏறத் தெரியாது என்பதால் பாதை முழுக்க மெல்லிய சரிவுதான், முழங்கால் வலிக்காரர்களும் மிதிக்கலாம். அது லிட்டில் ஃபால்ஸ் பார்க்வே என்ற நான்கு வழிச் சாலையைக் கடக்கும் இடத்தில் 2016ல் சைக்கிளில் வந்த ஒருவர் கார் மோதி இறந்தார். ஒரே திசையில் இரண்டு வரிசை இருக்கும் சாலையில் இருக்கும் ஆபத்து இது: ஒரு வரிசைக் கார் நின்று வழிவிடும், அதன் மறைவில் அடுத்த வரிசையில் வருகிறவருக்கு ஆள் தெரியாது. பிறகு அந்த இடத்தில் நான்கு வரிசையை இரண்டாகக் குறைத்தார்கள். கார்க்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

பஸ்ஸில் போகிறவருக்கு இது இன்னும் நெருக்கம். காலையில் சாலையின் ஒரு பக்கத்தில் ஏறினால் மாலையில் எதிர்ப்பக்கத்தில்தான் இறங்க வேண்டும். அதனால் போய்த் திரும்பும் ஒவ்வொரு பயணியும் அந்தப் பெரிய சாலையை ஒருமுறையாவது குறுக்கே கடந்தே ஆக வேண்டும். பச்சைக்காக வினாடி எண்ணும் பொறியாளர், அந்த 23 வினாடிக்கு முன் கம்பத்துப் பொத்தானை அழுத்திவிட்டு ஒன்றரை நிமிடம் நிற்கிறவரையும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கணக்கில் சேர்க்க வேண்டும்.